மூன்றாம் மேசை விரலக்கா

அந்தப் பழந்துணிக் கிடங்கில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. விரலக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெயர் வைத்தவர் மேஸ்திரி. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மழை கொட்டிய ஒரு மத்தியானம் மின்சாரம் போய்க் கிடங்கு முழுக்கக் கும்மிருட்டாகிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் நல்லதாகப் போயிற்று என்று மூட்டைமேல் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தன்பாட்டுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வந்ததும் மேஸ்திரி அவளுடைய கூடைகளைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தார். கம்பளிக் கூடையில் கம்பளி, பருத்திக் கூடையில் பருத்தி. பேச்சுக்குக்கூட ஒன்று மாறியிருக்கவில்லை.

"அடேங்கப்பா! இவளுக்குக் கண்ணு விரல்ல இருக்குய்யா!" என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து விரலக்கா.

அங்கே நடப்பது என்ன வேலை என்று கேட்டால், வெளியே இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ளட்டும். அவர்கள் கழித்துப்போட்ட சட்டைதானே பொதி பொதியாக இங்கே வந்து விழுகிறது! பொதியைக் கட்டியிருக்கும் கம்பியை வெட்டினால், அமுங்கிக் கிடந்த துணி பெருமூச்சு விட்டுக்கொண்டு சரியும். இன்னும் உடுத்தலாம் என்பது ஒரு பக்கம். கிழிந்த பருத்தி, எண்ணெய் துடைக்கிற துணியாகப் போகும். கம்பளி மட்டும் தனி. அதை மில்லில் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்பார்கள்.

கம்பளிக்கு ஒரு போலி உண்டு. அக்ரிலிக் என்று பெயர். கிடங்கில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், போலி என்றே சொல்வார்கள். பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே கனம், அதே நிறம், அதே பூப்பின்னல். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். கழுத்தில் உறுத்துகிறது என்று போட்டவர்கள் அதைத்தான் முதலில் வெட்டி எறிந்திருப்பார்கள், புண்ணியவான்கள். போலி கொஞ்சம் கலந்துவிட்டாலும் நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மில்லுக்காரன் பொதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். அதனால்தான் கம்பளி பிரிக்கிற மூன்றாம் மேசையை மேஸ்திரி தன் நாற்காலிக்கு நேர் எதிரே போட்டிருந்தார். அந்த மேசைக்கு எல்லாரையும் விடமாட்டார்.

விரலக்காவுக்கு அது ஒரு நொடி வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். கம்பளி லேசாகச் சுணைக்கும், விரலில் கதகதவென்று நிற்கும். போலி வழுக்கிக்கொண்டு போகும். கையில் கசக்கி விட்டால் கம்பளி கோபித்துக்கொண்ட பெண் மாதிரி மெதுவாக எழுந்திருக்கும். போலி எதுவுமே நடக்காதது போல் உடனே நிமிர்ந்துகொள்ளும். எதிரே நிற்பவளிடம் பேசிக்கொண்டே, துணியைப் பார்க்காமலே வீசுவாள்.

எதிரே நிற்பவள் ரேடியோ. காலையில் மேசைக்கு வந்தால் சாயங்காலம் வரைக்கும் வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் நாலு வருடம் ஆகிறது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, அழ வேண்டியதை எல்லாம் சிரித்துப் பேசியே கழிக்கிற பிறவி. அவளும் நல்ல வேலைக்காரிதான். விரலக்கா பக்கத்தில் நின்றதால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவே.

விரலக்காவின் புருஷனும் இதே கிடங்கில்தான் வேலை பார்த்தார். பொதி அமுக்குகிற மெஷினை ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இரும்புத் தட்டு ஒருநாள் அவர்மேலேயே இறங்கிவிட்டது. உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. முதலாளி நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கிடங்குக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மேசையில நிக்கிற வரைக்கும் இந்த ரூம் உங்களுது."

ஆக, அந்த அறையின் நாலு சுவரும் அவளுடைய பத்து விரலில் நின்றன. சுவர் என்றால் பெரிய சுவர் ஒன்றும் இல்லை. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் கிடங்கின் தகரம். பொதி ஏற்றும் மரச்சட்டங்கள் இரண்டைச் சேர்த்துப்போட்ட கட்டில். அவர் பிடித்து எழுந்திருக்க உத்தரத்திலிருந்து ஒரு கயிறு. ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு நிறத்தில் திரைச்சீலை. ஆனாலும் குளியலறை நாலடி தூரத்தில் இருந்தது. படியே கிடையாது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத மனுஷனுக்கு அந்த நாலடிதான் மானம். வேறு எங்கே கிடைக்கும் அது? அவள் தேடிப் பார்க்காத தெரு இல்லை. கிடைத்தவை எல்லாம் மாடி, இல்லாவிட்டால் பொதுக் கக்கூஸ்.

விஷயம் தெரிந்தது வானம் கறுத்திருந்த ஒரு நாளில். குழந்தைகள் போடுகிற வெண்ணெய் நிற ஸ்வெட்டர்கள் ஒரு பொதி வந்திருந்தது. பிரித்துக்கொண்டே போன விரலக்கா திடீரென்று கத்தினாள்.

"எந்தக் கழுதை இதுமேல ரத்தம் சிந்தி வச்சிருக்கு? எவ்வளவு நல்ல சரக்கு! கண்ணு தெரியலையா ஒருத்திக்கும்?"

ரேடியோ தன் கைகளை விரித்துக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரி காட்டினாள். திட்டிக்கொண்டே விரலக்கா அடுத்த ஸ்வெட்டரை எடுத்தாள். அதிலும் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில், யாரோ கழற்ற மறந்த ஊக்கு ஒன்று பாதி இறங்கி நின்றது. எத்தனை நேரமாக நின்றதோ! பதினோரு ஸ்வெட்டரில் ரத்தம் இருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

"பேச்சு மும்முரத்துல கவனிக்கல" என்று சிரித்து வைத்தாள். கொஞ்ச நாளாகவே கொதிக்கிற டீப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் அவள் இறக்குவதும், புருஷன் "உனக்கு என்ன, இரும்புக் கையா?" என்று கிண்டல் செய்வதும், அதில் இவளுக்குக் கொஞ்சம் பெருமை வந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னச் சக்கரம் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரியுது என்றாள். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். அத்தோடு குட்டு உடைந்தது.

"சர்க்கரை நரம்பை அரிச்சிடுச்சும்மா. ரொம்ப நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க. இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்."

"போனது வராதுங்களா, டாக்டர்?"

"போனது வர்றது கஷ்டம்மா."

வெளியே வந்து மருந்துச்சீட்டை மடித்தாள். மடிப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. பாழாய்ப்போன சர்க்கரைக்கு உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா? காலைத் தின்றிருக்கலாம், பல்லைத் தின்றிருக்கலாம். விரலைத்தானா தின்ன வேண்டும் என்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மேஸ்திரியிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால்? கம்பளி மேசையை விட்டு இறக்குவார். பருத்தி மேசையில் கத்தரியும் பிளேடும். உணர்ச்சி இல்லாத கையை அங்கே விடுவார்களா? அப்புறம் வீடுதான். எந்த வீடு? அங்கே வந்து அவளுடைய யோசனை நின்றுவிடும்.

கன்னத்துக்கு உணர்ச்சி இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். வியர்வை துடைப்பது போல் ஸ்வெட்டரைக் கன்னத்தில் ஒரு தடவு தடவினால் சுணை தெரிந்துவிடும். நாலு மாதம் அப்படி ஓட்டினாள்.

"என்னக்கா, ஒவ்வொண்ணுக்கா முத்தம் கொடுத்து வழியனுப்புற? நம்ம சரக்குமேல அவ்வளவு பாசமா?" என்று ரேடியோ கேட்டாள்.

"வேர்க்குதுடி" என்றாள் விரலக்கா.

கன்னம் தடித்துச் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. குளிர்கால உடுப்புகள் மலைபோல் வந்து குவிகிற மாதங்கள் வேறு. எதிரே ரேடியோ இரண்டு கூடை நிரப்பும் நேரத்தில் இவள் ஒன்றுகூட நிரப்பவில்லை. வேறு வழியில்லாமல் நிறத்தையும் பின்னலையும் பார்த்துக் குத்துமதிப்பாக வீசத் தொடங்கினாள். ஒவ்வொரு வீச்சுக்கும் கும்பிடாத கடவுளை எல்லாம் கும்பிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை பொதி திரும்பி வந்தது. கம்பளிக்குள் நாற்பத்திரண்டு போலி. பொதியோடு கட்டிய அட்டையில் மேசை எண் மூன்று. அந்த மேசையில் நிற்பவர்கள் இரண்டே பேர். மேஸ்திரி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. நேராக ரேடியோவிடம் போனார்.

"வாயை மூடாம பேசிக்கிட்டே பிரிச்சா இதான் நடக்கும். கிளம்பு. இனிமே வராத."

"அண்ணே, நான் இல்லண்ணே! சத்தியமா நான் இல்ல!"

"நீ இல்லேன்னா? விரலக்கா போட்டாளா?"

அந்தக் கேள்விக்குக் கிடங்கே சிரித்தது. அவ்வளவு நம்பிக்கை. ரேடியோ இவளைப் பார்த்தாள். "அக்கா, நீயாவது சொல்லுக்கா. என் கை உனக்குத் தெரியாதா?"

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். இவள் குனிந்து, மடிக்கத் தேவையே இல்லாத ஒரு ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். அதன் கைகளை ஒழுங்காக உள்ளே வைத்து, கழுத்தை நேராக்கி, கடைக்கு அனுப்புவது போல் மடித்தாள். மடித்து முடிக்கும்போது ரேடியோ வாசலைத் தாண்டியிருந்தாள்.

சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீ வாயைத் திறந்தா என்னை எங்கம்மா தூக்கி வைப்ப?"

"அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

"தெரியும். தெரியாமலா கேக்கறேன்?" அவர் கயிற்றை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பயமா இருக்கும்மா. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அதிகமாகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மடித்த அந்த ஸ்வெட்டர் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் கிடங்கின் கேட்டருகே ரேடியோ நின்றிருந்தாள். சின்னவள் இடுப்பில், பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு. காவலாளி உள்ளே விடவில்லை. அவள் சண்டைகூடப் போடாமல் சும்மா நின்றாள். அதைப் பார்த்ததும் விரலக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணே, பழி சும்மா ஒருத்திமேல போகக்கூடாது. ரெண்டு பேருக்கும் கண்ணைக் கட்டி, ஆளுக்கு அஞ்சு துணி கொடுத்துச் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் சரியா சொல்லிட்டா, தப்பு எங்க மேசையில இல்ல. பொதி போடற இடத்துல எவனோ கலந்துட்டான்னு வச்சுக்கலாம்."

ரேடியோ தானாகவே தேறிவிடுவாள். தனக்குக் கன்னம் இருக்கிறது, மூக்கும் இருக்கிறது. ஐந்து துணிதானே! இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் எல்லாத் துணியையும் கன்னத்தில் தேய்த்து, தோல் உரிந்தாலும் பரவாயில்லை, தப்பில்லாமல் பிரித்துவிடலாம். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

மேஸ்திரி சிரித்தார். "உனக்கும் சோதனையா விரலு? சரி, அவளுக்குப் புத்தி வரட்டும். கூப்பிடு."

மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து சூழ்ந்து நின்றார்கள். கிழிசல் பருத்தியில் ஒரு பட்டை எடுத்து முதலில் ரேடியோவின் கண்ணைக் கட்டினார்கள். ஐந்தும் சரி. "கம்பளி, போலி, போலி, இது நல்ல கம்பளி, யாரோ மகராசி போட்டது, இது போலியோ போலி" என்று பேசிக்கொண்டே சொன்னாள். மேஸ்திரியின் முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்தது விரலக்கா. கட்டு இறுகியதும் உலகத்தில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. முன்பு ஒரு இருட்டில்தான் அவளுக்குப் பெயர் வந்தது. அன்றைக்கு விரல் இருந்தது.

முதல் துணியைக் கொடுத்தார்கள். கட்டைச் சரிசெய்வது போல் கையைத் தூக்கி, துணியைக் கன்னத்தில் உரசினாள். "கம்பளி." சரி. இரண்டாவதுக்குத் துணியோடு மூக்கைச் சொறிந்தாள். "போலி." சரி. மூன்றாவது, நாலாவது. எல்லாம் சரி. பின்னால் யாரோ கைதட்டினார்கள். இன்னும் ஒன்றே ஒன்று.

ஐந்தாவது மெல்லிய சரக்கு. உரசிப் பார்த்தாள். உரிந்த கன்னம் எரிந்ததே தவிர எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தரம் கட்டைச் சரிசெய்தால் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அவள் பதறவில்லை. தீ இருக்கிறதே! ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் கம்பளி முடி கருகுகிற வாசனை அடிக்கும். போலி பிளாஸ்டிக் போல நாறி, உருகிக் கறுப்பு உருண்டையாகும். மில்லுக்காரனே அப்படித்தான் பார்ப்பான். அதற்கு விரல் எதற்கு?

"அண்ணே, இதை மட்டும் தீ வச்சே சொல்லிடறேன். நாளைக்கு மில்லுக்காரன் முன்னாடி நின்னாலும் அதானே கடைசிப் பேச்சு?"

"பாத்தியா, இவதான் வேலைக்காரி!" என்றார் மேஸ்திரி. நூலை உருவி முறுக்கி அவள் கையில் கொடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள். நூலை உருவியபோதே அது என்ன என்று மேஸ்திரிக்குத் தெரியும். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

முதலில் வந்தது தீக்குச்சி மருந்தின் நெடி. அதற்குப் பின்னால் ஏதோ புளித்தாற்போல் ஒன்று. போலி என்று சொல்ல வாயெடுத்தாள். மருந்து நெடியாக இருந்தால்? அவசரப்படக் கூடாது. நூல் இன்னும் இருக்கிறது, சூடு விரலுக்குக் கிட்டே வந்ததும் விட்டுவிடலாம். காத்திருந்தாள். சூடு வரவில்லை. வாசனை வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், முடி கருகுகிற வாசனை.

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தாள். அறை பிழைத்தது, அவர் பிழைத்தார், ரேடியோ பிழைத்தாள்.

"கம்பளி!" என்று உரக்கச் சொன்னாள். "முடி கருகுது பாருங்க! கம்பளிதாண்ணே, எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்!"

யாரும் கைதட்டவில்லை. எவளோ ஒருத்தி "ஐயையோ" என்று முணுமுணுப்பது கேட்டது. பிறகு ரேடியோ அலறினாள்.

"அக்கா! கை! கையை உதறுக்கா! கை வேகுதுக்கா!"

கட்டை அவிழ்க்காமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மோந்தது கம்பளியை அல்ல. அப்போதும் அந்த அறையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. கையை உதறிக்கொண்டு குதித்தாள்.

"ஐயோ, சுடுதே! அம்மா, சுடுதே! ஐயோ!"

நன்றாகத்தான் கத்தினாள். நிஜமாகச் சுட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாகக் கத்தியிருக்கமாட்டாள். சத்தம் அடங்கியதும் மேஸ்திரியின் குரல் கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"எந்த விரல்மா?"

இருட்டுக்குள் அவள் யோசித்தாள். பிடித்திருந்தது இரண்டு விரல். எல்லா விரலும் ஒரே மாதிரிதான் இருந்தன, இருக்கிறதா என்றே தெரியாதபடிக்கு. ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"இது. இதுதாண்ணே."

முடிச்சை அவிழ்த்தது ரேடியோ. அவிழ்க்க மனமில்லாதவள் மாதிரி அவிழ்த்தாள். வெளிச்சம் கூசியது. ஆள்காட்டி விரலில் லேசாகப் புகைக்கரி, அவ்வளவுதான். கட்டைவிரலின் வயிற்றில் பட்டாணி அளவு கறுப்பு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தது.

அவள் விரலைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தாள்.

"அவரால ஒரு மணி நேரம்கூட உக்கார முடியாதுண்ணே" என்றாள்.

மேஸ்திரி நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரேடியோ அந்தக் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, குழந்தைக்கு ஊதுவது போல் ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் ஊதுகிறாள் என்பது விரலக்காவுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.